துஷாந்தினி தலையில் பால்குடம் வேண்டாம்

உ
மாரியம்மன் துணை

மேல் டிவிசன்,
நமுனுகுல.
03.05.2025, சனிக்கிழமை

அன்பு மகன் அஜந்தனுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கத்தார் வெயிலில் மாரித்தாய் உன் தலைமேல் நிழலாக நிற்க வேண்டும் என்று விளக்கு வைக்கும் போதெல்லாம் கும்பிடுகிறேன், அவள் நிற்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே அப்பா சுகம், பாப்பா சுகம், எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். என் மருமகள் துஷாந்தினி சுகம் என்று எழுத மட்டும் என் கை வரவில்லை ராசா, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் வேலை செய்வது ஒரே போன், அது உன் மனைவி கையில் இருக்கிறது, எனக்கு அதில் நீ கூப்பிட்டால் பேச மட்டும்தான் தெரியும். நீ பேசும்போது அவள் பக்கத்தில் இருப்பாள், அப்பா கட்டிலில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்கிற லயம் இது, நாம் பேசினால் அவர்களுக்குக் கேட்காதா. அதோடு இது இரண்டு நிமிசத்தில் சொல்லி முடிக்கிற விசயமும் இல்லை, உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அழுதால் ஒன்றும் சொல்ல வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள், சாமிப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எழுதக் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. உன்னோடு வேலை செய்கிற பதுளைப் புஹாரித் தம்பி லீவு முடிந்து நாளை ராத்திரி ப்ளேன் ஏறுகிறது, காலையில் பஸ் ஸ்டாண்டில் அதனிடம் கொடுத்தால் திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நீ கேட்டபோது அவளுக்குக் கழுத்தில் சின்னப் பிடிப்பு, தைலம் தேய்த்தால் போய்விடும் என்று சொன்னேன் அல்லவா, அது ஒரு நாளும் சின்னதாக இருக்கவில்லை. எட்டு வருசமாகக் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பின்னால் இழுக்கிற பாரத்துக்கு ஈடாகத் தலையை முன்னால் நீட்டி நீட்டிக் கொழுந்து பறித்தவள், கூடையை இறக்கி வைத்த பிறகும் அந்தத் தலை பின்னுக்கு வருவதில்லை. கழுத்தில் தொடங்கிய வலி இடது தோளுக்கு இறங்கி, முழங்கைக்கு வந்து, பிறகு பெருவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயின, கொழுந்து கிள்ளுகிற விரல்கள் அவைதானே. தை மாதத்தில் பாப்பாவைத் தூக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, அம்மாதான் மலை, ஏறு தங்கம் ஏறு என்பாள். பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கும், இவளும் சிரிப்பாள், நான் அடுப்படியில் நின்று பார்த்தும் எனக்குப் புரியவில்லை. கங்காணியிடம் சொன்னதற்கு, கழுத்து வலின்னா கழுத்தக் கழட்டி லயத்துல வச்சிட்டு வா, எனக்குக் கை வந்தாப் போதும் என்றாராம், மலை முழுக்கச் சிரிப்பாம்.

அவர் சொன்னதையாவது விடலாம். ஒரு நாள் காலை அவள், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் படுத்துவிட்டாள். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எங்கே மருமகள் என்று ஒருத்தி கேட்டாள். எங்க வீட்டு மகாராணிக்குக் கழுத்து வலியாம், புருசன் கத்தார்ல இருந்து அனுப்புறான்ல, இனி அந்தக் கழுத்து வேலைக்கு வளையுமா என்றேன். அவள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன் அஜந்தன். வாரத்தில் மூன்று நாள் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசுகிற வாய்தான் அதைச் சொன்னது. அவள் எழுந்து தலையில் கயிற்றை மாட்டிக்கொண்டு பிந்திய பெரட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் பறித்த கொழுந்துதான் அந்த மாதத்திலேயே ஆகக் கூடியது.

மாசி பிறந்ததும் வலி தாங்காமல் சுவரில் முட்டி அழுதாள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று பெரகலப் பக்கம் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வேண்டாம் அத்தை என்றாள், நான்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் தாடையைப் பிடித்து ஒரே திருப்பு, மளுக்கென்று சத்தம், சுளுக்கு ஓடிப்போச்சு என்று கையைத் தட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுடைய இடது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. இரண்டு நாள் அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை.

மூன்றாம் நாள் நான் கோயிலுக்கு ஓடினேன். தாயே, என் மருமகளுடைய கழுத்தை நிமிர்த்திக் கொடு, வைகாசித் திருவிழாவில் அவள் தலையில் பால்குடம் சுமந்து ஆற்றிலிருந்து உன் வாசல் வரைக்கும் வெறுங்காலோடு வருவாள் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டிவிட்டு வந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எது பெரிதாகத் தெரிந்ததோ அதைக் கொடுக்கிறேன் என்றேன், அது எந்த இடத்தில் உட்காரும் என்று யோசிக்கவில்லை. கழுத்துச் சுகமாக வேண்டும் என்று கேட்டுவிட்டு அந்தக் கழுத்தின் மேலேயே குடத்தை வைக்கிறேன் என்று நேர்ந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பா கமிட்டியில் இருக்கிறவர் அல்லவா, அன்றைக்கே பால்குடம் எடுக்கிறவர்களின் பெயரில் அவளையும் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு உடையவில்லை, கழுத்தில் நரம்பு அழுத்துப்படுகிறது, மாத்திரையோடு கையால் செய்கிற வைத்தியமும் செய்யுங்கள் என்றார்கள். அப்படித்தான் ஷம்ராவிடம் போய்ச் சேர்ந்தோம். பதுளை டவுனிலேயே பிறந்த பிள்ளை, இதற்கென்றே படித்தது, வீட்டு முன்னறையில் ஒரு உயரமான கட்டிலைப் போட்டு வைத்திருக்கிறது. முதல் நாள் வெகு நேரம் தொடவே இல்லை. சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் படுகிறது, இடுப்பு படுகிறது, முதுகு படுகிறது, பின்தலை மட்டும் படவில்லை, நடுவில் என் நான்கு விரல் தாராளமாகப் போனது. நீங்க எப்புடி வேல செய்யிறீங்கண்டு காட்டுங்க என்று ஒரு பையில் அரிசியைப் போட்டுத் தலையில் மாட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு உள்ளங்கையையும் பின்தலைக்குக் கீழே கொடுத்து, மண்டையோடும் கழுத்தும் சேருகிற இடத்தில் விரல் நுனியை வைத்துச் சும்மா இருந்தாள். அழுத்தவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. இதற்காகவா இரண்டு பஸ் ஏறி வந்தோம் என்று எனக்குக் கோபம். ஐந்து நிமிசம் போயிருக்கும், துஷாந்தினியின் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலிக்குதா தங்கச்சி என்று கேட்டாள். இல்ல மிஸ், வலிக்கல, அதான் என்றாள் உன் மனைவி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வலிக்குப் பயந்து சதை இறுகுது, இறுகின சதை தலைய முன்னுக்கு இழுக்குது, முன்னுக்குப் போன தலை வலிய இன்னும் கூட்டுது, நான் கையால இந்த வளையத்த ஒரு இடத்துல தளர்த்தி விடுறேன், மிச்சத்த நீங்கதான் நிமிர்ந்து நிமிர்ந்து தளர்த்தணும் என்று ஷம்ரா சொன்னாள். வாரத்தில் ஞாயிறும் புதனும் போனோம். தோள்மேட்டில், தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், நெஞ்சின் மேல்பக்கத்தில் என்று ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலை வைத்து, சதை விடும் வரைக்கும் காத்திருந்து, விட்ட பிறகுதான் நகர்த்துவாள். வீட்டில் செய்ய எனக்கும் காட்டித் தந்தாள். நான் என் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். அம்மா, பலாப்பழம் பழுத்துட்டா எண்டா பாக்குறீங்க என்று சிரித்தாள், கை சண்டை பிடிக்கக் கூடாதாம், துஷாந்தினி மூச்சு வெளியே விடும்போது மட்டும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம். சுளுக்கு எடுத்தவரிடம் போன கதையைச் சொன்னபோது மட்டும் ஷம்ராவின் முகம் மாறிவிட்டது, இனி ஆரும் இந்தக் கழுத்தத் திருப்ப விடாதீங்க என்றாள். இவ கை பலம் குறைஞ்சா எனக்கிட்ட வர வேணாம், நேர பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க என்றும் அன்றைக்கே சொல்லி வைத்தாள்.

உனக்குத்தான் தெரியுமே, நான் எதையும் எழுதி வைக்கிறவள். ஒரு கொப்பியில் தினமும் விளக்கு வைத்த பிறகு அவளைச் சுவரில் நிற்க வைத்து விரல் கொடுத்துப் பார்த்து எழுதினேன். எத்தனை விரல் போகிறது, இடது கை தோள் வரை வருகிறதா காது வரை வருகிறதா, மரப்பு எத்தனை விரலில். முதல் பக்கத்தில் நான்கு விரல், கை தோளுக்குக் கீழே. பங்குனி பாதியில் மூன்று விரல். புது வருசத்தன்று இரண்டு, கை காது வரை. போன வாரம் ஒன்றரை விரல், மரப்பு பெருவிரல் நுனியில் மட்டும். புது வருசத்தன்று பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள் ராசா, பிள்ளைக்கு அது புதுசாக இருந்ததால் இறங்கவே மாட்டேன் என்றது. கூடைக் கயிறு தலையில் ஏறக் கூடாது என்று ஷம்ரா சொன்னதால், பழைய படங்குத் துணியில் இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி, இடுப்பிலும் ஒரு பட்டி வைத்து நானே பை தைத்துக் கொடுத்தேன். கங்காணி, என்னம்மா ஸ்கூலுக்கா போற, டீச்சர் யாரு என்றாராம். அதே வாரத்தில் மலையில் இரண்டு பேர் எனக்கும் ஒண்ணு தச்சுத் தர முடியுமா அக்கா என்று கேட்டு வந்தார்கள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இனி நான் சொல்லப்போவதுதான் விசயம். போன புதன்கிழமை ஷம்ரா, இன்னும் ஆறு மாசத்துக்குத் தலையில ஒரு செம்புத் தண்ணி கூட வேணாம், சுகம் எண்டு நினைச்சு பாரம் வச்சா வந்த வழியே திரும்பிப் போவீங்க, அடுத்த முறை இந்த அளவுக்கு வருமா எண்டு எனக்குத் தெரியா என்றாள். நான் பால்குடத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். சாமி விசயத்துல நான் ஒண்டும் சொல்ல மாட்டேன் அம்மா, அது உங்களுக்கும் ஆண்டவனுக்கும், கழுத்து விசயத்துல மட்டும்தான் எனக்குப் பேச உரிமை, கழுத்து தாங்காது என்றாள். ஆறு லிட்டர் பால், செங்குத்தான ஏற்றம், மேளத்துக்கு ஆடிக்கொண்டு இரண்டு மணி நேரம்.

பூசாரியிடம் போனேன். நேர்ந்தவள் நான், நானே சுமக்கிறேன் என்று கேட்டேன். ஆத்தாவுக்குப் பாலுதான் கணக்கு, தல கணக்கில்ல, ஒம் புருசன் கிட்ட பேசிக்க என்றார். அப்பாவோ, பேர் போட்டு நோட்டீஸ் அடிச்சாச்சு, கமிட்டிக்காரன் வீட்டுலயே பேர வெட்டுனா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான், அவதான் இப்ப கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறாளே என்று முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, தாய் நிமிர்த்தியதாகத்தான் நினைக்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அந்த ஷம்ராப் பிள்ளையின் கையைத் தாய்தான் அனுப்பினாள். நிமிர்த்தினவளே திரும்ப மடக்கிவிடச் சொல்வாளா என்றுதான் கேட்கிறேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போகிறார்.

அப்பாவை நான் எப்படியும் பார்த்துக்கொள்வேன். என்னால் முடியாதது உன் மனைவி. நேற்று நீ பேசும்போது, பால்குடம் எடுக்குறப்ப நல்லா வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு, ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டணும் என்றாய் அல்லவா. நீ அறியாமல் சொன்னாய், அறியாமல் வைத்திருந்தது நான், உன் மேல் பிழை இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு, வேணாம் தாயி, ஷம்ரா சொன்னது மறந்துபோச்சா என்று கெஞ்சினேன். அப்போதுதான் சொன்னாள். அத்தை, அன்னைக்குக் குழாயடியில நீங்க சொன்னத லயமே கேட்டுச்சு, இப்ப நான் எடுக்காம விட்டா, நடிச்சவ நடிச்சவதான்னு சொல்லும், குடத்தத் தூக்கிட்டு வர்றதையும் லயமே பாக்கட்டும் என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். நான் காலில் விழப்போனேன், ஐயோ என்ன அத்தை இது என்று சிரித்துக்கொண்டு தூக்கிவிட்டாள், முடிவை மாற்றவில்லை. எட்டு வருசப் பாரத்துக்குக் கூட வளைந்து கொடுத்தவள், என் ஒரு வார்த்தைக்கு வளைய மாட்டேன் என்கிறாள், நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்.

திருவிழா பதினாறாம் திகதி, இன்னும் பதின்மூன்று நாள். அவள் கேட்கிறது உன் சொல்லை மட்டும்தான். அதனால் நீ அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்த்திருக்காமல், கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிட்டு, வீடியோ வேண்டாம் என்று உன் வாயால் சொல். அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், நீ நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அம்மா சொன்னதுதான் பிழை என்று சொல். என்னைத் திட்டியே சொல், அவள் எதிரே என்னைத் திட்டினாலும் நான் வருத்தப்பட மாட்டேன், திட்டினால்தான் அவளுக்கு ஆறும். அப்பாவிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி, அவள் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போடச் சொல். என் முழங்காலைப் பற்றி யோசிக்காதே, உட்கார்ந்து உட்கார்ந்தாவது போய்ச் சேர்ந்துவிடுவேன். நேர்ந்ததில் குறை என்றால் தாய் கேட்க வேண்டியது என்னை, அவளை அல்ல, இதை நான் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சொல்லிவிட்டேன்.

வேறு என்ன. பாப்பா உன் பெயரை எழுதப் பழகுகிறது, கடைசி எழுத்து மட்டும் வரவில்லை. மழை பின்னேரமானால் வந்துவிடுகிறது. நீயும் பாரம் தூக்குகிற வேலையில் இருக்கிறாய், முதுகை வளைத்துத் தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, ரூமுக்கு வந்ததும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே கிடக்காதே, சுவரில் சாய்ந்து நின்று உன் பின்தலைக்கு எத்தனை விரல் போகிறது என்று பார்த்து எனக்குச் சொல். வேளைக்குச் சாப்பிடு, திருநீறு முடிந்திருந்தால் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். புஹாரித் தம்பிக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு, இதை அவ்வளவு தூரம் சுமந்து வருகிறது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ்ந்து, போன மாதிரியே முழு ஆளாக வந்து சேர வேண்டும், நீ வரும்போது அவளும் முழு ஆளாக வாசலில் நிற்க வேண்டும். தாய் அதற்கு வழி விடட்டும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
மு. சிவபாக்கியம்

மகனே, பின்னேரம் மணி ஐந்து. ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். மலையால் வந்தவளுக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் பார்த்திருந்தேன், வரவில்லை. லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எவர்சில்வர் குடத்தில் தண்ணீரை நிறைத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பழகுகிறாள். எவ்வளவு நேராக நடந்தாள் தெரியுமா, அவள் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டு சிரித்தாள், குடம் சரிந்தது, வலது கையால் பிடித்தாள், இடது கையையும் தூக்கப் பார்த்தாள், அது இடுப்புக்கு மேலே வரவில்லை. தண்ணீர் முழுக்க அவள் மேல் கொட்டியது. விரலை மடக்கு என்றேன், சின்ன விரல்கள் மடங்கின, மற்ற இரண்டும் மடங்கவில்லை. கொப்பியில் எழுதவில்லை. இந்த நேரத்துக்குக் கீழே போக ஒரு பஸ்ஸும் இல்லை, அப்பாவைக் கோயிலிலிருந்து கூப்பிட்டு ஓட்டோவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், கிடைத்தால் இப்போதே, இல்லாவிட்டால் விடிகிற முதல் பஸ்ஸுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், அங்கிருந்துதான் புஹாரியிடம் இதைக் கொடுப்பேன். ஈரச் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா மரத்துப்போச்சு, இப்ப சரியாயிரும், அவருக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க அத்தை என்கிறாள்.

சொல்லிவிட்டேன். கூப்பிடு.